பிரேக் விளக்கும் மஞ்சள் முடிச்சும்

காலையில் எங்கள் காரைத் தள்ளுவதற்கென்றே எங்கள் தெருவில் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு டெய்லர், முனை மளிகைக் கடை பாய், கல்லூரிப் பேருந்துக்கு நிற்கிற இரண்டு அண்ணன்கள், சமயத்தில் தண்ணீர் கேன் போட வருகிற ஆள். யாரையும் கூப்பிட வேண்டாம். அம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதைக் கேட்டதும் டெய்லர் தையல் மிஷினை விட்டு எழுந்துவிடுவார். “இன்னா நர்சம்மா, இன்னிக்கும் தள்ளா?” என்று பாய் கடைக்குள்ளிருந்தே கேட்பார். கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவார். நல்ல மனுஷர்கள். ஆனால் பின் சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போகும். தலையைக் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி பாவனை செய்வேன். என் ஷூவுக்கு லேஸே கிடையாது.

அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். வீடு கள்ளக்குறிச்சியில். வேலை கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரின் துணை சுகாதார நிலையத்தில். பேருந்து உண்டு, அது தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் முதலில் ஸ்கூட்டியில் போய்வந்தாள். ஒரு மழைக்காலத்தில், கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டி சறுக்கி, முழங்காலில் தையல் போடும்படி ஆனது. தையல் பிரித்த கையோடு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று கை மாறிய ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்கு அப்புறம்தான் என்று இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்பா லாரி டிரைவர். லோடு ஏற்றிப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வீடு வருவார். வந்து பார்த்தால் வாசலில் கார். சுற்றி ஒரு நடை நடந்தார், டயரை ஒரு உதை உதைத்தார். “சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிறதுன்னா இதாங்” என்றார். பிறகு சாப்பிடும்போது, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னார்.

“ஸ்கூட்டில வுழுந்தா காலு போவும். இதுல வுழுந்தா ஆளே போயிடும்.”

அம்மா ரசத்துக்குப் போய்விட்டாள். அந்த வண்டியில் நான் உட்காரவே மாட்டேன் என்று அப்பா சபதம் போட்டார், உட்காரவும் இல்லை. ஆனால் பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, சாயங்காலமானால் காரை அதால் மூடி, கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார். வெயிலில் பெயின்ட் போய்விடுமாம். சாயங்காலத்துக்குப் பிறகு என்ன வெயில் என்று அம்மா கேட்டாள். அவர் லோடுக்குப் போன நாட்களில் அம்மாவே மூடிவிட வேண்டும் என்று உத்தரவு வேறு. அவர் போடுகிற முடிச்சு லாரிக்காரர்களுடையது, இழுக்க இழுக்க இறுகும். காலையில் அதை அவிழ்க்கும்போது அம்மா முணுமுணுக்கிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

கார் வந்து சில மாதத்தில் அந்த வியாதி பிடித்தது. மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு மலையிறங்கி வந்த வண்டி, காலையில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். மெக்கானிக்கிடம் காட்டினோம். பேட்டரி போச்சு என்றார். புது பேட்டரி போட்டோம், அதுவும் போச்சு. “ஒயரிங்ல எங்கியோ கரன்ட் லீக்காவுது. ஒரு வாரம் வுட்டுட்டுப் போங்க, பூரா அவுத்துப் பாக்கணும்” என்றார் அவர். ஒரு வாரம் வண்டியை விட்டால் மலைக்கு எப்படிப் போவது? மலையிலாவது பரவாயில்லை, அங்கே எப்போதும் சரிவில்தான் நிறுத்துவாள். ஆள் வேண்டாம், சரிவே தள்ளிவிட்டுவிடும். கள்ளக்குறிச்சியோ மேசை மாதிரி சமம். அதனால்தான் டெய்லரும் பாயும்.

ராத்திரியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடச் சொன்னார் அப்பா. கொஞ்ச நாள் அப்படியும் நடந்தது. தினமும் கழற்றி மாட்டியதில் திருகின் மரை தேய்ந்து, ஒரு நாள் மலையேறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் டெர்மினல் கழன்று, வண்டி அப்படியே நின்றுவிட்டது. அம்மா கை பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த ஆட்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்களாம். அம்மா இதை வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கச்சிராயபாளையம் டீக்கடையில் ஒரு டிரைவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அப்பா கத்தவில்லை. கத்தினால் எனக்குப் பயமில்லை, பழகிப்போனதுதான். கை கழுவிவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“போதும். வண்டிய வித்துடு. இல்ல, வேலய வுட்டுடு.”

“வேலய வுட மாட்டேன்” என்றாள் அம்மா.

“அப்போ வண்டிதான்.”

“வண்டி இல்லாம எப்பிடிப் போய்வர்றது? அங்கியே தங்கிக்கணும்.”

“தங்கிக்கோ.”

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சுகாதார நிலையத்தை ஒட்டிச் செவிலியர் தங்க ஒரு அறை காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமையிலிருந்து அம்மா அங்கே. சனிக்கிழமை சாயங்காலம் பேருந்தில் இறங்கி வருவாள். நான் சின்னசேலத்தில் அத்தை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அவள் பிள்ளைகளுக்கு வாராவாரம் விளக்கெண்ணெய் கொடுப்பாள், எனக்கும் கொடுப்பாள் என்பதில் சந்தேகமே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எனக்கு அம்மாவின் வயிற்றின்மேல் கால் போட்டால்தான் தூக்கம் வரும். அத்தையின் வயிற்றின்மேல் யார் கால் போடுவது? அப்பா அடுத்த நாள் விடிவதற்குள் லோடுக்குக் கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், திங்கட்கிழமை காலை புரோக்கர் வண்டியைப் பார்க்க வருவான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. அன்று சாயங்காலமே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். கார் பழுது பார்க்கிற வீடியோக்கள். ஒரு மொட்டைத்தலைக்காரர் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு, எங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டே காருக்குள் எங்கெங்கே சுவிட்ச் இருக்கிறது என்று காட்டினார். “பாஷ இன்னாத்துக்கு? அவன் கை எங்க போவுதுன்னு பாத்தா போதும்” என்றாள் அம்மா. ஒரே சங்கடம், அவர் காட்டிய கார் எங்கள் காரைப் போல இரண்டு மடங்கு. அவர் கைவிட்ட இடத்தில் அம்மா கைவிட்டால், எங்கள் காரில் அங்கே பழைய மிக்சர் பொட்டலம்தான் இருந்தது.

ஆனாலும் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். காரில் நம் கண்ணுக்குத் தெரிகிற சுவிட்சுகள் கொஞ்சம்தான். தெரியாதவை ஜாஸ்தி. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது என்றால், கதவுக்கிட்டே எங்கேயோ ஒரு சுவிட்ச் இருந்தாக வேண்டும். தேடினாள். கதவு சாத்துகிற சட்டத்தில், மல்லிகை மொட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது. நாலு கதவுக்கும் நாலு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கி விளக்கு அணைகிறதா என்று பார்த்தாள். நோயாளியின் வயிற்றை அமுக்கி “இங்க வலிக்குதா, இங்க?” என்று கேட்பாளே, அதே முகம். நாலும் நன்றாக இருந்தன. அடுத்தது டிக்கி. டிக்கியை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? பின் சீட்டை மடக்கி, என்னை உள்ளே அனுப்பி, டிக்கியைச் சாத்தினாள்.

“எரியுதா?”

“இருட்டா இருக்குதும்மா.”

“அப்ப சரியாத்தான் இருக்குது. வெளிய வா.”

நான் தவழ்ந்து முன்பக்கமாக வெளியே வந்தேன். வந்ததும் இன்னொரு திட்டு காத்திருந்தது. டிரைவர் சீட்டின் கீழே, கால் வைக்கிற மிதியடியில், வெள்ளையாகப் பொடிப்பொடியாகக் கிடந்தது. “ரப்பரப் பிச்சி வண்டியில போடாதன்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன்?” சில வாரமாகவே இந்தத் திட்டு நடந்துகொண்டிருந்தது. நான் போடவில்லை என்று சத்தியம் செய்தேன். அம்மா நம்பவில்லை. என் ரப்பர் பாதியாகத் தேய்ந்திருந்தது வேறு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அம்மாவுக்கு வேலை. வீட்டில் ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். பின் சீட்டில் என் பக்கத்தில் ஒரு பாய், தலையணை, ஒற்றை ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த அறைக்குப் போகிற சாமான்கள். வழிநெடுக நான் அவற்றோடு பேசாமல் வந்தேன். வாளியைக் காலால் இரண்டு முறை உதைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் நோயாளிகள் குறைந்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அறையைக் கூட்டப் போனாள். வெளியே சாரல் பிடித்திருந்தது. மலையில் பனி மாதிரி மேகம் இறங்கி, நிலையத்தின் வெள்ளைச் சுவரே மங்கலாகத்தான் தெரிந்தது. கார் வழக்கம்போல் சரிவைப் பார்த்து, பின்புறத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது. எடை பார்க்க வந்த ஒரு கர்ப்பிணி அக்கா மழை விடட்டும் என்று என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

“ஏன் பாப்பா, உங்க காரு பின்னால செவப்பு வெளக்கு எரிஞ்சிக்கினே இருக்குதே. பகல்ல கூடவா எரிய வுடுவாங்க? எங்க வூட்டுல இப்பிடி வுட்டா மாமியா தோல உரிச்சிடும்.”

நான் பார்த்தேன். ஆமாம், வெள்ளைச் சுவரில் இரண்டு இடத்தில் குங்குமம் கரைத்து ஊற்றியது போலச் சிவப்பு படர்ந்திருந்தது. வெயில் நாளில் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது. ராத்திரியில் தெரிந்திருக்கும்தான், ஆனால் ராத்திரி முழுக்க அது அப்பாவின் தார்ப்பாய்க்குள் அல்லவா எரிந்துகொண்டிருந்தது. “அம்மா” என்று கூப்பிட்டேன். துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“பிரேக்கு வெளக்கு” என்றாள். “யாரும் மெரிக்கலியே. இன்னாத்துக்கு எரியுது?”

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொண்டை பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னாள். அந்த அக்காவும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு என்னோடு வந்து நின்றுகொண்டார். இந்த நிலையில் நனையாதீங்க என்று அம்மா அதட்டியும் அவர் கேட்கவில்லை. வேடிக்கை என்றால் யாருக்குத்தான் விட மனம் வரும்?

அம்மா கதவைத் திறந்து, பிரேக், கிளட்ச் மிதிகள் இருக்கிற இடத்தில் தலையை வைத்து மல்லாக்கப் படுத்தாள். கால் இரண்டும் வெளியே சாரலில் நனைந்தன. உள்ளேயிருந்து அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. மிதித்தால் விளக்கு எரியும். அப்படியானால் மிதிக்குப் பக்கத்தில்தான் சுவிட்ச் இருக்க வேண்டும். மொட்டைத்தலைக்காரர் எங்கே காட்டினால் என்ன, இந்த வண்டியில் மிதியோடு கூடவே கை மேலே போனால் அது அகப்பட்டுத்தானே தீரும்? மிதியின் இரும்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு கை மேலே மேலே போனது.

“இருக்குது” என்றாள் திடீரென்று. “பெருவெரல் தண்டி இருக்குது. ரெண்டு ஒயர் வருது. மூக்குல சின்னதா ஒரு ஊசி.” அந்த ஊசியை விரலால் அமுக்கினாள். “இப்ப?”

சுவரில் இருந்த சிவப்பு காணாமல் போனது.

“அணைஞ்சிடுச்சிம்மா.”

“இப்ப?”

“எரியுது.”

“இப்ப?”

“அணைஞ்சிடுச்சி” என்றோம் நானும் அந்த அக்காவும் ஒரே குரலில். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தேன். சேறு தெறித்து அக்காவின் புடவையெல்லாம் பொட்டுப் பொட்டானது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் ரொம்பச் சின்னது. மிதி மேலே வந்து நிற்கும்போது, அதன் தண்டில் இருக்கிற ஒரு தகடு அந்த ஊசியை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும், அப்போது விளக்கு அணையும். மிதித்தால் தகடு விலகும், விளக்கு எரியும். அந்தத் தகட்டில் ஒரு ஓட்டை, ஓட்டையை அடைத்து ரப்பர் மாதிரி ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. அது இற்றுப்போய் உதிர்ந்துவிட்டது. ஊசி ஓட்டைக்குள் புகுந்துகொண்டது. அமுக்க ஆள் இல்லை, விளக்கும் அணையவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து, மிதியடியில் கிடந்த வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் கூட்டிச் சேர்த்தாள். இரண்டு பெரிய துண்டுகளை ஒட்டிப் பார்த்தாள். வட்டமாக ஒரு பொத்தான் வந்தது.

“இது உன் ரப்பர் இல்லடி” என்றாள்.

அதைத்தானே நான் இத்தனை வாரமாகச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதிக்கு அளவே இல்லை. கார் சரியாகிவிடும், அம்மா இங்கே தங்க வேண்டாம், விளக்கெண்ணெய் இல்லை என்பதெல்லாம் கொஞ்சம் கழித்துத்தான் மனசில் ஏறியது. முதலில் ஏறியது இதுதான்.

ஓட்டையை இப்போதைக்கு எதையாவது வைத்து அடைக்க வேண்டும். பஞ்சு வைத்தாள், அமுங்கிப் போனது. ஒரு சட்டைப் பொத்தானை வைத்தாள், அது ஓட்டையைவிடச் சின்னது. என் ரப்பரின் மீதிப் பாதியைக் கொடுக்க முன்வந்தேன். அது நழுவி விழுந்தது. மறுபடியும் உள்ளே படுத்துத் துழாவினாள். அவள் கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல. ஸ்டியரிங் தண்டுல இன்னாமோ கட்டிக் கெடக்குது.”

வெளியே எடுத்தாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு. சாமிக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்துவைப்பார்களே, அது. வேண்டுதல் பலித்த பிறகு உண்டியலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுவரைக்கும் அவிழ்க்கக் கூடாது, செலவழிக்கக் கூடாது. எனக்கே இது தெரியும், எனக்கு அம்மை போட்டபோது முடிந்தது ஒன்று எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் ரொம்ப நாள் கிடந்தது. அம்மா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது. அப்போது அவள் கை நின்றுவிட்டது. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மஞ்சள் இன்னும் காயவில்லை, அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

“யாரும்மா கட்டினது?” என்றேன்.

“யாரோ வேலவெட்டி இல்லாதவங்க” என்றாள். சொல்லிவிட்டு மஞ்சள் விரலால் என் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மருந்துப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டினாள். உள்ளே ஒரு ரூபாய்.

சாமிக்கு முடிந்த காசை எடுக்கலாமா என்று அந்த அக்கா பயந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வண்டிய வுட்டு நான் எடுத்துக்கினு போவலியே. வண்டியிலதான் இருக்கப்போவுது. அதுக்குத்தான கட்டினாங்க” என்றாள். காசைத் துணித்துண்டோடு சேர்த்துத் தகட்டின் ஓட்டைமேல் வைத்து, காயத்துக்குக் கட்டுப் போடுகிற பிளாஸ்டரால் சுற்றோ சுற்று என்று சுற்றினாள். மிதியை விட்டாள். காசு போய் ஊசியை அமுக்கியது. சுவரில் சிவப்பு இல்லை. மிதித்தாள், சிவப்பு வந்தது. விட்டாள், போனது.

பாய், தலையணை, ஸ்டவ், வாளி எல்லாம் மறுபடியும் பின் சீட்டுக்கு ஏறின. அம்மா அறையைப் பாதி கூட்டினபடியே பூட்டினாள். வண்டி சரிவில் உருண்டு கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் பிரேக்கை மிதிக்கும்போது நான் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, வெளியே மேகத்தில் சிவப்பு வந்து போவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்க்கச் சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. பழக்க தோஷத்தில் எழுந்து வந்துவிட்ட டெய்லர் நடுத்தெருவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “இன்னா நர்சம்மா, நம்மளயெல்லாம் கழட்டி வுட்டுட்டிங்க” என்று பாய் கேட்டார். அவர் முகத்தில் உண்மையாகவே சின்ன வருத்தம் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். வண்டி சரியாகிவிட்டது என்று நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் நேரே காரிடம் போனார். உட்கார மாட்டேன் என்று சபதம் போட்டவர் ஆயிற்றே, அதனால் வெளியே மண்டியிட்டு, தலையை மட்டும் உள்ளே நுழைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் தடவினார். வலப்பக்கம் தடவினார், இடப்பக்கம் தடவினார். போனில் டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். மிதியடியை உதறினார். சீட்டுக்குக் கீழே கைவிட்டார். அவர் வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“பாப்பா, வண்டிய யாராவது கூட்டினாங்களா?”

“அம்மா டெய்லி கூட்டுவா.”

“குப்பய எங்க கொட்டினா?”

காட்டினேன். அப்பா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் அதைக் கிளறத் தொடங்கினார். கத்தரிக்காய்க் காம்பும் முட்டை ஓடுமாக வந்தன. சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் கேட்டாள்.

“இன்னா தேடறிங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததயா குப்பையில தேடறிங்க?”

“ஒரு ரூபா வுழுந்துடுச்சி” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

“ஒரு ரூபாவுக்கா?”

“காசுன்னா காசுதான.” குச்சியால் இன்னும் ஆழமாகக் கிளறிக்கொண்டே, “நாளைக்கு நீ மலைக்குப் போவாத. லீவு போடு” என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு ரூபாய்க்காக ஒரு பெரிய மனுஷர் இப்படியா கஷ்டப்படுவது? உள்ளே ஓடி, என் தகர டப்பாவிலிருந்து பளபளவென்று இருந்த ஒரு ரூபாயைப் பொறுக்கி எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். “இந்தாப்பா, என்னுது. வெச்சிக்கோ. தேடாத” என்றேன். அப்பா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் அம்மாவைக் காணோம்.

அவள் வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். “பின்னாடி போயி நில்லுங்க” என்றாள் அப்பாவிடம். அப்பா குச்சியைப் போட்டுவிட்டுப் போய் நின்றார். அம்மா பிரேக்கை மிதித்தாள்.

“எரியுதா?”

“எரியுது.”

“வுட்டுட்டேன். இப்ப?”

“அணைஞ்சிச்சி.”

“ஒவ்வொரு தபா வுடும்போதும் அதாங் போயி சுவிட்ச அமுக்குது. நீங்க தேடறது அங்கதான் இருக்குது. எங்கியும் போவல.”

அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா மறுபடியும் மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். பார்த்தது போதும் என்று எனக்குத் தோன்றியது, அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்புறம் அப்பா போனை எடுத்து, வண்டி விக்கறதில்ல, வராத என்று புரோக்கரிடம் சொன்னார். கார் கதவைத் திறந்து, கையில் குப்பை நாற்றத்தோடு, முன் சீட்டில் அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி எங்கேயும் போகவில்லை, வாசலிலேயேதான் நின்றது. இருவரும் இருட்டும்வரை அதற்குள் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

நடந்ததை எல்லாம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பா தவறவிட்ட ஒரு ரூபாயை யாரோ வேலைவெட்டி இல்லாதவர்கள் எடுத்து, துணியில் முடிந்து, காருக்குள் கட்டிவிட்டிருக்கிறார்கள். அது இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டதல்லவா, அப்படியானால் என் காசை என்னிடம் தந்துவிட வேண்டியதுதானே? ராத்திரி படுக்கும்போது கேட்டேன். “நாளைக்கு” என்றார் அப்பா. அம்மாவின் வயிற்றின்மேல் கால் போட்டுக்கொண்டு, சரி, நாளைக்கு என்று தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தால் அப்பா லோடுக்குப் போயிருந்தார், தகர டப்பாவில் காசு வந்து சேரவில்லை. பள்ளிக்கூடம் போகக் காரில் ஏறியபோது, அம்மா வந்து உட்காருவதற்குள் என் பென்சில் உருண்டு டிரைவர் சீட்டுக்கு முன்னால் போனது. அதை எடுக்கக் குனிந்தபோது, ஸ்டியரிங் தண்டில் புதிதாக ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன், கையில் மஞ்சள் ஒட்டியது. பாவாடையில் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டுப் போன அப்பாவோடு இனிமேல் பேசவே கூடாது என்று, பள்ளிக்கூட வாசல் வரும்வரை தீர்மானம் செய்துகொண்டே போனேன்.